சம்மதப் படிவமும் செல்வண்ணையின் இருமலும்

அன்று மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: பெண், வயது ஐம்பத்திரண்டு. ஆண், வயது ஐம்பத்தெட்டு. அவர்களின் மகன், வயது இருபது. விருந்தினர், ஆண், வயது சொல்ல மறுத்துவிட்டார்.

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினியில் இது இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. பெண் நான். ஆண் என் கணவர். மகன் கஜன். வயது சொல்ல மறுத்தவர் செல்வண்ணை. இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளையின் கலாநிதிப் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தோம். (கவிழ்த்ததில் பெரும்பங்கு எனக்கு. நாலாவது ஆளை மேசைக்குக் கூட்டிவந்தது நான்தான்.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்த வருடம் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போனது, நாங்கள் இன்னொரு பக்கம் போனோம். அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. இப்போது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், ஒரு ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறேன். அது பகுதிநேரம். முழுநேர வேலை கவலைப்படுவது. காஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். மூடியிருக்கும். அதைச் சரியாகப் பார்த்தேனா என்று இன்னொருமுறை வருவேன். கவுன்சிலில் இருந்து ஒருமுறை கடிதம் வந்தது. என்ன வில்லங்கமோ என்று பயந்து மூன்று வாரம் அதைத் திறக்கவில்லை. குப்பை எடுக்கும் நாள் மாறுகிறது என்று அதில் எழுதியிருந்தது. அந்த மூன்று வாரக் குப்பையும் எங்கள் வாசலிலேயே கிடந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தாரணி வந்தாள். இவருடைய அக்காவின் மகள். சுவிசில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வங்கியில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, லண்டனில் பயன்பாட்டு மொழியியலில் கலாநிதிப் பட்டம் செய்யப்போகிறேன் என்று ஒரு சூட்கேசுடன் எங்கள் சின்ன அறைக்குள் வந்து சேர்ந்தாள்.

"அதெண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"சனம் எப்பிடிக் கதைக்குது, ஏன் அப்பிடிக் கதைக்குது எண்டு பாக்கிறது மாமி."

"அதுக்கு நாலு வருசமே? சனிக்கிழமை எங்கட மரக்கறிக் கடையில ஒரு மணித்தியாலம் நிண்டால் காணாதே?"

அவள் கோபிக்காமல் விளங்கப்படுத்தினாள். எடுத்த உடனே ஆராய்ச்சி செய்ய விடமாட்டார்களாம். முதல் வருடம் வகுப்புக்குப் போகவேண்டும், சின்னப்பிள்ளைகள் மாதிரி ஒப்படை எழுதிக் கொடுக்கவேண்டும். கடைசி ஒப்படைதான் முக்கியம். ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டில் சாப்பிடும்போது சாதாரணமாகக் கதைப்பதைப் பதிவு செய்து, அதில் ஐந்து நிமிடமாவது தொடர்ச்சியான பேச்சை எழுத்தாக்கி ஆராயவேண்டும். அதில் தேறினால் ஆராய்ச்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் வீட்டுக்கு.

வீட்டுக்கு என்றால் சுவிசுக்கு. அங்கே அவளின் அம்மா, என் மச்சாள், காத்துக்கொண்டிருந்தா. "அந்த வங்கிக்காரர் உன்ர கதிரையை இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம்" என்று வாரத்தில் இரண்டு தடவை போனில் சொல்லுவா. வங்கிக்காரர் இதை இவவுக்கு எப்போது சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தாரணி மூன்று குடும்பங்களைக் கேட்டாள். ஒரு வீட்டில் வீடு திருத்துகிறார்களாம். இன்னொரு வீட்டில் எல்லோருக்கும் தொண்டை சரியில்லையாம். மூன்றாவது குடும்பம் ஊருக்குப் போகிறதாம். (அவர்களை அடுத்த நாள் பஸ்ஸில் கண்டேன். அவர்கள் என்னைக் காணாதது மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.) கடைசியில் என்னிடம் வந்தாள். நான் ஓம் என்றேன். சொந்த மருமகளுக்கு மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு தாளைத் தந்தாள். தமிழில் அவளே எழுதியிருந்தாள். வாசித்துப் பார்த்து, விருப்பமென்றால் அடியில் கையெழுத்து வைக்கட்டுமாம்.

முதல் வரி: உங்கள் உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்படும். இரண்டாவது வரி: அது எழுத்தாக்கப்படும். மூன்றாவது: அது பகுப்பாய்வு செய்யப்படும். நாலாவது: அது பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கப்படும்.

அதற்குமேல் நான் வாசிக்கவில்லை. அப்படியே கையெழுத்தை வைத்து, இவரையும் கஜனையும் வைக்கச் சொன்னேன்.

எங்களைப் போலப் பாரிஸ் போய், அங்கிருந்து லண்டன் வந்தவர்களிடம் 'பதிவு செய்யப்படும்' என்று சொன்னால் நினைவுக்கு வருவது ஒன்றுதான். அகதிக் கேஸ் நேர்முகம். ஒரு சின்ன அறை, ஒரு மெசின், எதிரே தாளோடு ஒரு ஆள். கணவனிடம் கேட்டதையே மனைவியிடமும் கேட்பார்கள். உங்கள் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம்? ஒருவர் கிழக்கு என்று மற்றவர் மேற்கு என்றால் கதை முடிந்தது. அதெல்லாம் நடந்து அப்போதே இருபத்திநாலு வருடமாகியிருந்தது. பாஸ்போர்ட் அலுமாரிக்குள் இருக்கிறது. என் பயத்துக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

"மாமி, ஒண்டும் விசேசமாச் செய்யாதேங்கோ" என்று தாரணி படித்துப் படித்துச் சொன்னாள். "எப்பவும் போலச் சாப்பிடுங்கோ, எப்பவும் போலக் கதையுங்கோ. நான் வீட்டில நிக்க மாட்டன். நிண்டால் நீங்கள் எனக்காகக் கதைப்பீங்கள்."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவள் பஸ் ஏறியதும் செல்வண்ணைக்குப் போன் எடுத்தேன்.

செல்வண்ணை எங்களோடு பாரிசில் இருந்தவர். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுவார். பின்னேரங்களில் எங்கள் ஆட்களுக்கு நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுப்பார். கேஸ் வாத்தியார் என்றால் நாங்கள் இருந்த கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். காசு வாங்கமாட்டார். நண்டுக்கறி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அவருடைய பாடம் மூன்றே மூன்று: பதில் சுருக்கமாக இருக்கவேண்டும், ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லக்கூடாது, எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கக்கூடாது. இப்போது லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில், தனியாக இருக்கிறார்.

"அண்ணை, ஒரு ரெக்கோர்டிங் வருது. குடும்பமா இருந்து கதைக்கவேணும்."

மறுபக்கத்தில் ரீவி சத்தம் நின்றது.

"எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

"எப்ப?"

"வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணி."

"ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ. நான் வாறன்."

எதற்கான பதிவு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. (எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு பேரில் ஆருக்கு விசர்ப்பைத்தியம் அதிகம் என்று வாக்கெடுப்பு நடக்கும். கஜன் இன்னும் முடிவெடுக்கவில்லை.)

வியாழக்கிழமை மூன்று மணிக்கே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களை வரிசையாக சோபாவில் இருத்தி, பிறந்த இடம், வந்த பாதை, வந்த மாதம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இவர் எப்போதும் போல ஒரு வாக்குவாதத்துக்கும் போகாமல் சொன்னதைச் சொன்னார். கஜன்தான் வளைந்து கொடுக்கவில்லை.

"அம்மா, இட்ஸ் லிட்டரலி டின்னர். தாரணி அக்கா ஜஸ்ட் சாப்பிடச் சொன்னவா."

"தம்பி, உமக்கு உது விளங்காது" என்றார் செல்வண்ணை. "முதல் சாப்பாட்டிலதான் தொடங்குவினம்."

மேசையில் செல்வண்ணையும் இருப்பதென்றும், இருமல் மூலம் வழிநடத்துவதென்றும் முடிவானது. ஒரு இருமல் என்றால் பதில் நீளுகிறது. இரண்டு என்றால் பிழையாகச் சொல்கிறோம். மூன்று என்றால் கதையை மாற்று. ஆலோசகர் வந்திருப்பது எதிர்த்தரப்புக்குத் தெரியக்கூடாது என்று, தாரணி வந்து போகும்வரை மேல்மாடிக் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

ஆறு மணிக்கு தாரணி நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் புட்டுக்கும் நண்டுக்கறிக்கும் நடுவில் வைத்தாள். ஒரு சிவப்பு லைற் எரிந்தது. "வடிவாச் சாப்பிடுங்கோ. ஏழு மணிக்கு வாறன்" என்று போய்விட்டாள். செல்வண்ணை மேலிருந்து நுனிக்காலில் இறங்கி வந்து நாலாவது கதிரையில் அமர்ந்தார்.

அதற்குப் பிறகு வந்த மௌனம் எழுத்தாக்கத்தில் நாற்பத்தொரு விநாடி என்று இருக்கிறது. நான் அரை மணித்தியாலம் என்று நினைத்தேன்.

"நான் இலங்கையின் வட மாகாணத்தில் பிறந்தேன்" என்று கருவியைப் பார்த்துச் சொன்னேன்.

"நானும் இலங்கையின் வட மாகாணத்தில் பிறந்தேன்" என்றார் இவர்.

"நான் குரோய்டன். என்னை விடுங்கோ" என்றான் கஜன்.

ஒரு இருமல்.

"கறி உறைப்பாக இருக்கிறது" என்றார் இவர். முப்பது வருடத்தில் அந்த மனிதர் என் கறியைப் பற்றி ஒரு முழு வசனம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆம். கறி உறைப்பாக இருக்கிறது" என்றேன். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லக்கூடாதல்லவா?

இப்படியே இருபது நிமிடம் போனது. செய்தி வாசிப்பதுபோல் வாசித்தோம். கஜன் தலையை மேசையில் வைத்துவிட்டான். பிறகு பாரிசிலிருந்து வெளிக்கிட்ட கதை வந்தது. "நாங்கள் மாசி மாதம் புறப்பட்டோம்" என்றார் இவர், பயிற்சியில் சொன்னபடியே. எனக்கு மனசுக்குள் ஏதோ இடறியது.

"மாசியில்லையப்பா. பங்குனி. மாசியில நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை தைச்சுக் குடுத்தனான்."

இரண்டு இருமல்.

"எப்பிடித் தைச்சிருப்பீர்? மெசினை மாசி பிறக்க முன்னமே குடுத்தாச்சே" என்றார் இவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

மூன்று இருமல்.

"ஆருக்குக் குடுத்தது? என்ர தையல் மெசினை அந்தக் கட்டிடத்து நிலவறையில பத்திரமா வைச்சிருக்கு எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"அது… சிநேகிதன் ஒருத்தன்ர மனுசி கேட்டவ…"

"இருபத்திநாலு வருசமா அது நிலவறையில இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்! கையால தைச்சனான் அந்தச் சட்டையை, இப்ப நினைவு வருது! நிலவறைப் பூட்டின்ர திறப்பு துலைஞ்சுபோச்செண்டு சொன்னீங்கள்!"

"வெயிட், அம்மா உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கஜன் தலையைத் தூக்கினான்.

இருமல். இருமல். இருமல். இருமல். நாலு இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

"ஏனண்ணை இருமுறியள்? உங்களுக்கும் இது தெரியுமோ?"

"தங்கச்சி, நான் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான்" என்றார் செல்வண்ணை. "நாலு மாடி. லிப்ட் வேலை செய்யேல்லை. இண்டைக்கும் முதுகு நோகுது."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. ஒரு பிரதி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஏழு மணிக்குத் தாரணி வந்தபோது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சீறிக்கொண்டிருந்தேன். செல்வண்ணை ஒரு நண்டுக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மாமி, ஆர் இருமுறது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. இன்னொரு குடும்பம் தேட நேரமில்லை, அடுத்த புதன்கிழமை ஒப்படை கொடுக்கவேண்டும் என்றாள். வாசித்து ஒப்புவித்த பகுதி ஒன்றுக்கும் உதவாதாம். ஆனால் தையல் மெசின் சண்டை ஏழு நிமிடம் ஓடியிருக்கிறதாம், அது உண்மையான பேச்சாம், அதை வைத்து எழுதலாமாம்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது!"

"இல்லை மாமி. அந்த அங்கிள் சம்மதப் படிவத்தில கையெழுத்து வைக்கேல்லை. வைக்காத ஆளின்ர குரலைப் பாவிக்க ஏலாது."

"அவரை வெட்டினால் என்ன மிஞ்சும்?"

"எல்லாருடைய கதைக்கு மேலயும் அவர் இருமுறார் மாமி. மிஞ்சுறது, மாமா 'அது' எண்டு சொன்னது ரெண்டு தரம். நீங்கள் மூக்குச் சீறினது."

'கையெழுத்து' என்ற சொல் காதில் விழுந்ததும் செல்வண்ணை எழும்பிவிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, "நான் இஞ்ச வரவேயில்லை" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். கையில் கறி கூடக் காயவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சாள் போன் எடுத்தா. "எல்லாம் நல்லாப் போகுது அம்மா" என்று தாரணி சொன்னது குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அவள் அதைச் சொன்ன விதம் பொறுக்காமல், சனிக்கிழமை காலை நான் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். விக்டோரியாவில் மாறி, கடைசித் தரிப்புவரை நிலக்கீழ் ரெயினில் போனேன். படிவம் பையில் இருக்கிறதா என்று ஒன்பது தடவை பார்த்தேன்.

அங்கே ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே அவருடைய அறை. கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தார்.

"உள்ளுக்க ஃபோம்தானே இருக்கு?"

"ஓம் அண்ணை. ஆனால் இது கேஸ் இல்லை. பிள்ளையின்ர படிப்பு."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"நீர் சொல்லேல்லை."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை மூட்டை கட்டவேண்டியதுதான் என்றேன். அவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"தங்கச்சி, நான் பாரிசில ஒரு தாளில கையெழுத்து வைச்சன். மொழிபெயர்க்க வந்தவர் அதில என்ன எழுதினவரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அதில இருக்கிற ஆளுக்குப் பிறந்தநாள் வேற, ஊர் வேற. அந்த ஆளை நான்தான் இவ்வளவு காலமும் சுமக்கிறன். சனத்துக்குச் சொல்லிக்குடுக்கத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்."

நான் படிவத்தை எடுத்து, விரலை வைத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். எட்டாம் வகுப்பு வாசிப்பு, ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். நாலு வரி முடிந்தது. ஐந்தாவது வரியை நானே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நீங்கள் விரும்பினால், எந்த நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமல், விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படாது."

"திருப்பி வாசியும்."

வாசித்தேன்.

"காரணம் சொல்லத் தேவையில்லையோ? அப்பிடியே போட்டிருக்கு?"

"ஓம் அண்ணை. அடுத்த வரியில, உங்கட உண்மையான பெயரைப் பாவிக்க மாட்டினமாம். விருப்பமான வேற பெயர் ஒண்டை நீங்களே சொல்லலாமாம்."

செல்வண்ணை படிவத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் பார்த்தார். "கள்ளப் பேர் குடுக்கச் சொல்லி அவையளே எழுதிக் கேக்கினமோ?" என்றார். பிறகு அந்த வரியில் விரலை வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். என் தேத்தண்ணி ஆறிப்போனது.

"கிங்ஸ்லி எண்டு போடும்" என்றார். "சின்ன வயசிலயிருந்து அந்தப் பேரில ஒரு ஆசை."

கையெழுத்தை மட்டும் சொந்தப் பெயரில், ஒவ்வொரு எழுத்தாக, முழுதாக வைத்தார்.

புதன்கிழமை தாரணி ஒப்படையைக் கொடுத்தாள். தேறினாள். மேற்பார்வையாளர் கேட்டது ஒரேயொரு கேள்விதானாம், அந்த இருமல்களைப் பற்றி. இப்போது ஆராய்ச்சியில் மூன்றாவது வருடம். அந்த வங்கிக் கதிரையில் ஆரோ இருக்கிறார்களாம், மச்சாளே ஒத்துக்கொண்டுவிட்டா. எங்கள் வீட்டில் நான் ஏதாவது கூட்டிக் கதைத்தால் கஜன் ஒருமுறை இருமுவான். இவர் வாய் திறக்க முன்னமே மூன்று தடவை இருமுவான்.

செல்வண்ணைதான் முற்றாக மாறிவிட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாரணிக்குப் போன் எடுப்பார். "பிள்ளை, நான் விலகிறன். காரணம் சொல்லமாட்டன்" என்பார். "சரி அங்கிள், பிரச்சினையில்லை" என்று அவள் கிங்ஸ்லியை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவாள். இரண்டு நாள் கழித்து, "பிள்ளை, திரும்ப வாறன். அதுக்கும் காரணம் இல்லை" என்பார். அவள் திரும்பப் போடுவாள். இதுவரை ஐந்து தடவை விலகியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் இளமையாக இருக்கிறதாம்.

ஆய்வில் பங்குபற்றியவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஆளுக்குப் பத்துப் பவுண்ட் கொடுக்கிறது. நாங்கள் மூன்று பேரும் எடுத்துவிட்டோம். (என்னுடையதில் தையல் ஊசியும் நூலும் வாங்கினேன். இவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.) அவருடையதை எடுக்க, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். தாளோடு போனேன். வாசித்துக் காட்டினேன். இதில் விலகும் வசனம் இல்லையே என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார். "ஒரு பெரிய இடம் எங்களுக்குத் தரவேண்டியிருக்கெண்டால், அது இருக்கட்டும்."

அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழகம் கிங்ஸ்லிக்குத் தரவேண்டிய நிலுவை: பத்துப் பவுண்ட்.